சாவி மிஸ்

இல்லம்மா, தண்ணி வேணாம், நீ குடி. பஸ்ல ஏறினா நான் ஒரு சொட்டு குடிக்க மாட்டேன். சென்னை போய் இறங்கித்தான் எல்லாம். காலையில காப்பியக்கூட பாதியிலயே வச்சிட்டு வந்துட்டேன். கோயில்பட்டியில ஏறினோம், இன்னும் மதுரையே வரல, அதுக்குள்ள நீ எத்தனை தடவை அந்தப் பாட்டிலத் திறந்துட்ட! இந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாருமே இப்படித்தான். கைக்குழந்தைய இடுக்கிட்டுத் திரியிற மாதிரி, எங்க போனாலும் ஒரு பாட்டில்.

தப்பா எடுத்துக்காத. எனக்கு இப்ப தண்ணின்னாலே எரிச்சல். இந்தத் தண்ணியாலதான் என் மானம் போச்சு. முப்பது வருஷ சர்வீஸ், ஒரு கெட்ட பேரு கிடையாது. கடைசியில தண்ணியில வந்து வழுக்கி விழுந்தேன். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

நான் பி.டி. டீச்சர், விளையாட்டு சொல்லிக் குடுக்குறவ. பேரு சண்முகவடிவு. ஆனா அந்தப் பேரு பிள்ளைகளுக்கே மறந்து போச்சு. சாவி மிஸ்னுதான் சொல்லுவாளுக. மூஞ்சிக்கு நேரா இல்ல, முதுகுக்குப் பின்னாடி. "சாவி மிஸ் வருது, சாவி மிஸ் வருது"ன்னு காதுல விழும். எனக்கு அதுல ஒரு பெருமைதான். மத்த டீச்சருங்களுக்கு எல்லாம் குண்டு மிஸ், தூங்குமூஞ்சி மிஸ்னு பட்டப்பேரு. எனக்கு மட்டும்தான் பொறுப்பான பேரு.

எந்த ஸ்கூலா? கேர்ள்ஸ் ஐஸ்கூல்னு வச்சுக்கோ. ஊர் பேரு வேணாம், இப்பவே பேரு நாறிக் கிடக்கு.

எல்லாம் அந்தப் பயிற்சியில ஆரம்பிச்சது. மாணவர் நலம்னு ஒரு பயிற்சி. மாவட்டத்துல இருக்குற வாத்திமாரு பாதிப் பேரு ஒரு மண்டபத்துல. வாசல்லயே ஒரு தொப்பி, சட்டையில குத்திக்க ஒரு பேட்ஜ். உள்ள போனா ஒரு சின்னப் பையன், என் மகன் வயசுகூட இருக்காது, மைக்கப் பிடிச்சுக்கிட்டு, "எல்லாரும் கண்ண மூடுங்க, மூச்ச இழுங்க, மெதுவா விடுங்க"ங்கிறான். பொறந்ததுல இருந்து அதத்தானப்பா செஞ்சுக்கிட்டு இருக்கோம்! பக்கத்துல ஒரு தமிழய்யா நெசமாவே தூங்கிட்டாரு. குறட்டை. அந்தப் பையன் அதப் பாத்துட்டு, "பாருங்க, சார் எவ்வளவு ரிலாக்ஸ் ஆயிட்டாரு"ங்கிறான். 

அப்புறம் பாடம். பிள்ளைகளுக்கு மனசு இருக்காம். அதுக்குள்ள அழுத்தம் இருக்காம். வாத்தியாருங்க பிள்ளைக சொல்றத காது குடுத்துக் கேக்கணுமாம். நான் கேக்குறேன், எங்க காலத்துல எங்க மனச யாரு வந்து கேட்டா? நாங்க வளரலையா? ஆனா அரசாங்கம் சொன்னா செய்யணும். நான் எதையும் அரைகுறையா செய்றவ இல்ல. எச்.எம். சார் என்னையத்தான் நலப் பொறுப்பாசிரியரா போட்டாரு. வேற யாரையும் போட முடியாது. ரூபி டீச்சர்னு ஒரு சயின்ஸ் டீச்சர் இருக்கு, எதுக்கெடுத்தாலும் பிள்ளைக பக்கம் பேசும். பிள்ளைக தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கும். அப்படி இருந்தா பயம் எங்க இருந்து வரும்?

முதல்ல மனசுப் பெட்டி வச்சேன். ஒரு மரப்பெட்டி, மேல ஓட்டை. பிள்ளைக மனசுல இருக்குறத எழுதிப் போடணும். நான் என் ரூம் வாசல்லயே மாட்டி, பூட்டி, சாவிய நானே வச்சுக்கிட்டேன். நம்புவியா, ஒரு சீட்டு விழல! மாசம் முழுக்கத் திறந்து திறந்து பாக்குறேன், ஒரே ஒரு பல்லிதான் இருந்துச்சு. மத்த ஸ்கூல்ல எல்லாம் பெட்டி நிறைஞ்சு வழியுதாம். எங்க ஸ்கூல்ல குறையே இல்ல. அடுத்த பயிற்சிக் கூட்டத்துல நான் எந்திரிச்சு அதச் சொன்னப்ப எல்லாரும் கை தட்டினாங்க.

சரி, சாவிக் கதைக்கு வாரேன். எங்க ஸ்கூல்ல புதுசா ஒரு கழிப்பறை கட்டிக் குடுத்தாங்க. பிள்ளைகளுக்கு. டைல்ஸ் ஒட்டி, குழாய் வச்சு, வாஷ்பேசின் வச்சு, கல்யாண மண்டபத்துல இருக்குற மாதிரி. திறந்து விட்ட மொத மாசம் என்ன செஞ்சாளுக தெரியுமா? தண்ணி ஊத்தல. கண்டதையும் உள்ள போட்டு அடைச்சு வச்சாளுக. கழுவ வர்ற அம்மா பாதி நாள் வராது. ஒரு நாள் நாத்தம் தாங்காம எச்.எம். சார் கர்ச்சீப்ப மூக்குல வச்சுக்கிட்டு, "என்ன டீச்சர் இது, என்ன டீச்சர் இது"ன்னு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறாரு. ரூபி டீச்சர், பிள்ளைக மேல அவ்வளவு பாசம் வச்ச ரூபி டீச்சர், வாசல்படிய மிதிக்கல. யாரு கழுவினா? நான் கழுவினேன். சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, விளக்குமாறும் பினாயிலுமா, இந்தக் கையால. வாந்தி வந்துச்சு, கழுவினேன். அழுகையும் வந்துச்சு. ஒருத்தராச்சும் ஒரு வாளித் தண்ணி தூக்கியாந்து குடுத்தாங்களான்னு கேளு.

அன்னைக்கே முடிவு பண்ணேன். பெரிய பூட்டா வாங்கி மாட்டி, சாவிய என் ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டேன். வேணுங்கிறவ எங்கிட்ட வந்து சாவி கேக்கட்டும். யாரு போறா, எப்ப வாறான்னு எனக்குத் தெரியும்ல? சும்மாவும் குடுக்குறது இல்ல. "எதுக்கு?"ன்னு கேப்பேன். கேக்கணும்ல? கும்பலாப் போய் கண்ணாடியப் பாத்து ரிப்பன் கட்டுறதுக்கா, கதை அடிக்கிறதுக்கா? சில பிள்ளைக எதுக்குன்னு கேட்டா வாயத் திறக்காது. தலையக் குனிஞ்சுக்கிட்டு கால் பெருவிரலால தரையக் கீறும். "வாய் இல்லையா? சத்தமா சொல்லு"ம்பேன். நான் நிக்கிறது கிரவுண்டு, சுத்தி நூறு பேரு, அதுக்கு நான் என்ன பண்ண? உண்மையிலயே அவசரம்னா சொல்லிட்டுப் போறா. பொய்யின்னா திரும்பிப் போயிருவா. பெரும்பாலும் திரும்பித்தான் போவாளுக. அப்ப எவ்வளவு பொய்யின்னு பாத்துக்கோ.

அதுக்கப்புறம் அந்தக் கழிப்பறைய நீ பாக்கணுமே! உள்ள கால் வச்சா வழுக்கும், அவ்வளவு பளபளப்பு. தூய்மைப் பள்ளின்னு எங்களுக்குக் கேடயம் குடுத்தாங்க. பாக்க வந்த ஆபீசர், "இப்பத்தான் திறந்தீங்களா?"ன்னு கேட்டாரு. இல்ல சார், வருஷக்கணக்கா ஆச்சுன்னேன். அசந்து போயிட்டாரு.

கூட இன்னொண்ணும் கவனிச்சேன். மாசத்துல சில நாள் பிள்ளைக லீவு போடுறது அதிகமாச்சு. பெரிய பிள்ளைக. கேட்டா வயித்து வலிங்கும். சோம்பேறித்தனம், வேற என்ன? நான் அசெம்பிளியிலயே சொல்லுவேன், பொம்பளப் பிள்ளைக்கு அடக்கம்தான் முக்கியம், எதையும் அடக்கத் தெரியணும், நாங்கல்லாம் அடக்கி வளந்தவங்கன்னு.

அப்பத்தான் இந்தத் தண்ணி மணி வந்துச்சு. கேள்விப்பட்டிருக்கியா? பிள்ளைக சரியாத் தண்ணி குடிக்கிறது இல்லையாம், மயங்கி விழுறாளுகளாம், படிப்பு ஏற மாட்டேங்குதாம். அதுக்காக ஒரு நாளைக்கு மூணு தடவை மணி அடிக்கணும். மணி அடிச்சா எல்லாரும் தண்ணி குடிக்கணும். மத்த ஸ்கூல்ல எல்லாம் மணி அடிப்பாங்க, பாதிப் பிள்ளை குடிக்கும், பாதிப் பிள்ளை கதை பேசும். எங்கிட்ட அது நடக்குமா? நான் அத டிரில் ஆக்கிட்டேன். மணி அடிச்ச உடனே விசிலு. ஒரு விசிலுக்குப் பாட்டில எடு. ரெண்டு விசிலுக்கு மூடியத் திற. மூணு விசிலுக்குத் தலையத் தூக்கிக் குடி. நான் ஒவ்வொரு கிளாஸ் வாசல்லயும் நின்னு பாப்பேன். அத்தனை பிள்ளையும் ஒண்ணாத் தலையத் தூக்குறது, குருவிக் கூட்டம் மாதிரி, அவ்வளவு அழகா இருக்கும். பேப்பர்ல படம் போட்டாங்க. நான் விசிலோட நிக்கிறேன், பின்னாடி பிள்ளைக. எங்க வீட்டுக்காரர் அத லேமினேஷன் போட்டு மாட்டி வச்சிருக்காரு.

ஆனா கள்ளிக பண்ண வேலையப் பாரு. வாயில வாங்கிக்கிறது, முழுங்குறது இல்ல! கன்னத்துல அடக்கி வச்சுக்கிட்டு, நான் அடுத்த கிளாஸுக்கு நகந்த உடனே ஜன்னல் வழியா வெளிய துப்புறது. எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பத்தாங்கிளாஸ் ஜன்னல் ஓரமா ஒரு முருங்கை நிக்கும். அந்த வருஷம் மழையே கிடையாது, கிரவுண்டுல வேம்பே காஞ்சு நிக்குது, இந்த முருங்கை மட்டும் தளதளன்னு பூவும் பிஞ்சுமா நிக்குது. நான் அந்தக் கீரையப் பறிச்சு வீட்டுக்குக் கொண்டு போய்ப் பொரிச்சுத் தின்னுருக்கேன்! பிள்ளைக எச்சித் தண்ணியில வளந்த கீரைன்னு பின்னாடி தெரிஞ்சப்ப எனக்குக் குமட்டுச்சு. இப்படி ஒரு துரோகம் உண்டா?

மாரிக்கனின்னு ஒரு பிள்ளை. பத்தாங்கிளாஸ். அவ கதைதான் இது எல்லாம்.

கருப்பா, ஒல்லியா, கொக்கு மாதிரி காலு. ஆனா ஓடினான்னா நீ பாக்கணும். நான் முப்பது வருஷமா பிள்ளைகள ஓட விடுறேன், அந்த மாதிரி ஒரு ஓட்டம் பாத்ததில்ல. கால் தரையில படுறதே தெரியாது. ஏழாங்கிளாஸ்ல கபடி ஆட வந்தவள நான்தான் கண்டுபிடிச்சு ஓட விட்டேன். என் காசுல ஸ்பைக் ஷூ. வீட்டுல இருந்து அவிச்ச முட்டை கொண்டு போவேன். அவ அம்மா பேச்சித்தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை, விடிஞ்சா போயிரும், பொழுது அடைஞ்சா வரும். அப்பன் இல்ல. நான்தான் அவளுக்கு எல்லாம். எனக்குப் பொம்பளப் பிள்ளை கிடையாதும்மா. அவ ஓடுறப்ப என் பிள்ளை ஓடுற மாதிரி இருக்கும். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, நீ யாரோன்னு சொல்றேன்.

குறுவட்டப் போட்டியில ஜெயிச்சா. அடுத்தது மாவட்டம். அதுல ஜெயிச்சா ஸ்டேட். ஸ்டேட் போனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல நல்ல காலேஜ், அப்புறம் போலீஸ், ரயில்வேன்னு வேலை. அந்தப் பிள்ளை வாழ்க்கையே அந்த நானூறு மீட்டர்லதான் இருக்கு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போட்டிக்கு முந்தின வாரம் பிராக்டீஸ்ல விலாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. "என்னடி?"ன்னேன். "வலிக்குது மிஸ்." "எங்க?" இடுப்புக்குப் பின்னால காட்டுறா. முகம் வெளிறி இருக்கு. போட்டி நெருங்கினா பயத்துல எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வலி வரும், நான் எத்தனை பாத்திருக்கேன்! "ஓடுனா சரியாயிரும், ஓடு"ன்னேன். ஓடினா. அந்தப் பிள்ளை நான் சொல்லி மறுத்ததே கிடையாது.

ரூபி டீச்சர் வந்து, "அவளுக்குக் குளிர் அடிக்குது மிஸ், தொட்டுப் பாருங்க, சுடுது"ன்னுச்சு. நீ உன் சோதனைக் குழாயப் பாரு, கிரவுண்ட நான் பாத்துக்கிறேன்னுட்டேன். பின்ன? ஒரு நாளாச்சும் வெயில்ல நின்னிருக்கா அது?

போட்டி அன்னைக்கு நல்லாத்தான் ஓடினா. முதல் வளைவுல முன்னாடி. நேர்ப்பாதையிலயும் முன்னாடி. கடைசி வளைவு திரும்புறா, நான் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு "வாடி, வாடி"ன்னு கத்துறேன். அப்படியே முழங்கால் மடங்கி உக்காந்துட்டா. விழுந்தாக்கூடப் பரவாயில்ல, உக்காந்துட்டா. எல்லாரும் அவளத் தாண்டிப் போறாளுக. நான் ஓடிப் போய்த் தூக்குறேன், உடம்பு அனலாக் கொதிக்குது. பல்லு கிட்டிக்கிச்சு. அவளத் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன் பாரு, அன்னைக்கு நான் ஓடுன ஓட்டத்துக்கு எனக்கே மெடல் குடுத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு டாக்டர். உன் வயசுதான் இருக்கும். பாத்துட்டு, கிட்னியில இன்பெக்‌ஷன், யூரின்ல ஆரம்பிச்சு மேல ஏறியிருக்கு, அட்மிஷன் போடணும்னுச்சு. அப்புறம் என்னையப் பாத்து, "இந்தப் பொண்ணு தண்ணி குடிக்கிறதே இல்லையா?"ன்னுச்சு. எனக்கு ரோஷம் வந்துருச்சு. "என்ன டாக்டர் அப்படிச் சொல்லிட்டீங்க, எங்க ஸ்கூல்ல தண்ணி மணியே இருக்கு, மாவட்டத்துலயே நாங்கதான் ஃபர்ஸ்ட், பேப்பர்ல எல்லாம் வந்துச்சு"ன்னேன். அந்த டாக்டர் குனிஞ்சு அவகிட்டக் கேட்டுச்சு, "ஏம்மா குடிக்க மாட்டேங்கிற?"

அந்தச் சிறுக்கி என்ன சொன்னா தெரியுமா? கண்ணத் திறக்க முடியல, காய்ச்சல்ல உளறுற மாதிரி, ஆனா தெளிவாச் சொல்றா. "குடிச்சா சாவி கேக்கணும் டாக்டர்."

"என்ன சாவி?"ன்னுச்சு டாக்டர். கூட வந்த பிள்ளைக ரெண்டு பேரு நின்னாளுக. ரெண்டு பேரும் என் ஹேண்ட்பேக்கப் பாத்தாளுக. டாக்டரும் என் ஹேண்ட்பேக்கப் பாத்துச்சு. எனக்கு ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் அந்த டாக்டர் எனக்குப் பாடம் எடுத்துச்சு. எனக்கு! "காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒரு பொண்ணு எப்படி மேடம் அடக்கிட்டு இருப்பா? அடக்க அடக்க கிருமி பெருகும், கிட்னியே போயிரும். அது உடம்பு மேடம், குழாய் இல்ல, பூட்டி வைக்கிறதுக்கு"ன்னுச்சு. நான் சொன்னேன், எங்க காலத்துல ஸ்கூல்ல கழிப்பறையே கிடையாது, நாங்க அடக்கலையான்னு. "உங்களுக்கு அடிக்கடி எரிச்சல், அடிவயித்து வலி வருமா?"ன்னு கேட்டுச்சு. வரும். அது எனக்கு எப்பவும் வர்றதுதான். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?

ரெண்டு நாள் கழிச்சு ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் பாக்கப் போனேன். கையில ஊசி குத்தி டிரிப் ஏறுது. "மாரி"ன்னேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். திரும்பவே இல்ல. அவ அம்மா ஹார்லிக்ஸ வாங்கல. நான் கட்டில் காலோரமா வச்சிட்டு வந்துட்டேன். மனசு வலிச்சுச்சும்மா. வலிக்காம எப்படி இருக்கும்? மூணு வருஷம் முட்டை அவிச்சுக் குடுத்திருக்கேன்.

அடுத்து நடந்ததுதான் அநியாயம். திங்கக்கிழமை அசெம்பிளி. நான் மேடையில நிக்கிறேன். கேட்டத் திறந்துக்கிட்டுப் பேச்சித்தாய் வருது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற சேலையோட, கையில ஒரு கல்லு. என்ன கல்லுங்கிற? அம்மிக் குழவி! வீட்டுல இருந்து சுமந்துக்கிட்டே வந்திருக்கு. கத்தல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. நேரா என் முன்னாடி வந்து கையை நீட்டுச்சு. "சாவி குடுங்க டீச்சர்"ன்னுச்சு.

நான் வழக்கம் போல, வாய்ப் பழக்கம் பாரு, "எதுக்கு?"ன்னு கேட்டுட்டேன்.

அது நீட்டுன கைய மடக்கிக்கிச்சு. அப்புறம் திரும்பி நடந்துச்சு. கழிப்பறை வாசல்ல நின்னு, குழவியத் தூக்கி, பூட்டு மேல ஒரு போடு. ரெண்டு போடு. பூட்டு நாதாங்கியோட பிடுங்கிட்டு வந்துருச்சு. அரசாங்கச் சொத்து! எச்.எம். சார் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, தடுக்கல. ரூபி டீச்சர் கையக் கட்டிக்கிட்டு நிக்குது. நான் விசில ஊதுறேன், ஊதுறேன், ஒருத்தரும் அசையல.

பிள்ளைக என்ன செஞ்சாளுக தெரியுமா? கை தட்டியிருந்தாக்கூட, கூச்சல் போட்டிருந்தாக்கூட, சரி, கழுதைக, திமிருன்னு விட்டிருப்பேன். ஒருத்தியும் வாயத் திறக்கல. அசெம்பிளி வரிசையில இருந்து ஒவ்வொருத்தியா வெளிய வந்து, அந்தக் கதவுக்கு முன்னாடி போய் நின்னாளுக. சின்னப் பிள்ளைக முன்னாடி, பெரிய பிள்ளைக பின்னாடி. ஒரு தள்ளு இல்ல, முள்ளு இல்ல. கிரவுண்ட சுத்தி வளைஞ்சு நிக்குது வரிசை. நான் தொண்டை கிழியக் கத்தி முப்பது வருஷத்துல அப்படி ஒரு வரிசைய நிக்க வச்சதில்ல.

அப்புறம் என்ன, விசாரணை. எச்.எம். சார் சொல்றாரு, கழிப்பறை பூட்டியிருந்ததே அவருக்குத் தெரியாதாம்! கேடயத்த வாங்குறப்ப மட்டும் தெரிஞ்சுச்சு. ரூபி டீச்சர் பிள்ளைக பக்கம் சாட்சி. யாராச்சும் ஒருத்தர் சொன்னாங்களா, நாறிக் கிடந்தப்ப கழுவினது சண்முகவடிவுன்னு? ஒருத்தர் சொல்லல. என்னையத் தூக்கி மலையடிவாரத்துல ஒரு ஸ்கூல்ல போட்டுட்டாங்க.

மாரிக்கனியா? பிழைச்சுக்கிட்டா. டி.சி. வாங்கிக்கிட்டு டவுன் ஸ்கூலுக்குப் போயிட்டா. அடுத்த வருஷம் ஓடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காம். போகையில எங்கிட்டச் சொல்லல. நான் வாங்கிக் குடுத்த ஷூவ ரூபி டீச்சர்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கா, என்கிட்டக் குடுக்கச் சொல்லி. வீட்டுல இருக்கு. அத என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.

இப்ப எதுக்குச் சென்னை போறேன்னா, பெரிய ஆபீசர நேர்ல பாத்து அந்த டிரான்ஸ்பர கேன்சல் பண்ணச் சொல்லத்தான். காரணம் வேணும்ல? வலுவான காரணம் வச்சிருக்கேன். அந்தப் புது ஸ்கூல்ல லேடீஸ் டீச்சர் நான் ஒருத்திதான். கழிப்பறை ஒண்ணே ஒண்ணு. அதுவும் பூட்டு. சாவி யார்கிட்ட? எச்.எம். மேஜையில. அவரு ஆம்பள ஆளு, முன்ன பின்ன பழக்கம் இல்ல.

போய் ஜாயின் பண்ணின அன்னைக்கே பட்டுட்டேன். மதியம் வரைக்கும் தாங்கினேன். அதுக்கு மேல முடியல, இந்த வயசுல எப்படி முடியும்? போய், "சார், அந்தச் சாவி"ன்னேன். அந்த மனுஷன் பேப்பர்ல இருந்து தலையத் தூக்கி, ரூமு நிறைய வாத்திமாரு உக்காந்திருக்காங்க, அத்தனை பேரு முன்னாடியும் கேக்குறான்: "எதுக்கு டீச்சர்?"

எனக்கு உடம்பே கூசிப் போச்சு. "ஒண்ணுமில்ல சார்"ன்னு திரும்பி வந்துட்டேன். சாயந்தரம் பஸ்ல வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு பொம்பளகிட்ட அப்படியாம்மா கேக்குறது? மனுஷத்தன்மை வேணாம்? இப்படிப்பட்ட ஆளுக கையில எல்லாம் சாவியக் குடுத்தது யாரு?

அதத்தான் ஆபீசர்கிட்டச் சொல்லப் போறேன். அந்த டாக்டர் பொண்ணு சொன்னது எல்லாம் ஒரு வார்த்தை விடாம மனசுல வச்சிருக்கேன். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒரு பொம்பள எப்படி அடக்கிட்டு இருப்பா, கிட்னியே போயிரும், இது உடம்பு, குழாய் இல்லன்னு. படிச்ச பொண்ணு, எவ்வளவு சரியாச் சொல்லியிருக்கு பாரு.

ஏம்மா, எதுக்கு அப்படிப் பாக்குற? அந்தப் பிள்ளைக பாத்த மாதிரியே பாக்குற நீயும்.

பேக்குக்குள்ள தெரியுற இதுவா? இது அந்தப் பழைய பூட்டோட சாவிதான். ஹேண்ட்பேக்லயே கிடக்கு. பூட்டே போனப்புறம் எதுக்கு வச்சிருக்கேன்னா கேக்குற? தெரியலம்மா. எடுத்துப் போட மனசு வரல. 

மதுரை வந்துருச்சு போல. நிக்க மாட்டானாமே, பைபாஸ்லயே போயிருவானாம். 

இல்ல, தண்ணி வேணாம்னு சொன்னேன்ல. நாக்கு வறண்டுதான் கிடக்கு, இருந்தாலும் வேணாம். குடிச்சா, பாதி வழியில எந்திரிச்சுப் போய்க் கண்டக்டர்கிட்ட வண்டிய நிறுத்துங்கன்னு சொல்லணும். இத்தனை பேரு இருக்காங்க. அவன் எதுக்குன்னு கேப்பான்.